தோட்டக் காளானும் தமிழில் ஒட்டப்படாத எச்சரிக்கையும்

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தார்கள். திப்ருகர் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களின் மூதாதையரும் வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டங்களுக்காகத் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களே. அதனால் நான் அதை அயல்நாட்டுச் செய்தியாக வாசிக்கவில்லை.

அதே மாதம்தான் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. அது 1,350 ஆக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காசில்லாமல் கிடைக்கும் கறிக்கு அப்படியான வீட்டில் என்ன மதிப்பு என்பதை விளக்கத் தேவையில்லை. மழை விட்ட மறுநாள் மலைக்குப் போகும் வழியில் கண்ட காளானை மடியில் கட்டி வருவது அங்கே பழைய வழக்கம்.

இதை ‘அறியாமை’ என்று நகரத்திலிருந்து சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புற்றுமண்ணில் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் முளைப்பதை, நிலத்துக்குள் நீண்டு போகும் அதன் வேர்போன்ற அடியைப் பார்த்து, அம்மாயி காட்டித் தந்தபடி எடுப்பவர் அறிந்துதான் எடுக்கிறார். ஆனால் அந்த அறிவு ஓர் இடத்துக்குரியது. இடம் மாறினால் அதுவே ஆளைக் கொல்லும்.

2021இல் ஆப்கானிஸ்தானிலிருந்து போலந்துக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்ட ஒரு குடும்பம் அகதி மையத்தருகே காட்டில் காளான் பறித்துச் சாப்பிட்டது. 5, 6 வதுகளில் இருந்த இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். 2015இல் ஜேர்மனியில் சிரிய அகதிகள் பலர் இவ்வாறே நஞ்சுண்டார்கள். நம் பக்கம் பரவலாக உண்ணும் வைக்கோல் காளானும், ஐரோப்பாவின் ‘மரணத் தொப்பி’ எனப்படும் காளானும் இளம் பருவத்தில் ஒரே மாதிரி முட்டை வடிவில் இருக்கும். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களும், வன்னியிலிருந்து சுவிஸ், நோர்வே, கனடா என்று சிதறியவர்களும் இதை வாசிக்கும்போது தங்கள் வீட்டு அடுப்பையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆள் நகராவிட்டாலும் காடு நகர்கிறது. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் தோட்டங்களுக்கு மேலே நிற்கும் பைன், டர்பன்டைன் மரங்கள் வெளியிலிருந்து வந்தவை. இடம்பெயரும் மரங்களின் வேரோடு பூஞ்சணமும் வரக்கூடும். மரணத் தொப்பி அவுஸ்திரேலியாவுக்குப் போனது ஐரோப்பிய மரங்களோடுதான்.

பறிப்பவர் கவனிக்க வேண்டியது தொப்பியை மட்டுமல்ல. தண்டை ஒடிக்காமல் மண்ணோடு கிளறி எடுக்க வேண்டும். அடியில் கிழிந்த முட்டைக்கோது போல ஒரு பை, தண்டில் ஒரு வளையம், தொப்பியின் கீழே வெள்ளை மடிப்புகள் மூன்றும் சேர்ந்திருந்தால் தொடவே வேண்டாம். புல்தரையில் குடை போல விரியும் பெரிய வெள்ளைக் காளான் ஒன்றும் உண்டு. அதன் தொப்பியை ஓர் இரவு வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தால் மங்கிய பச்சைத் தூள் படியும். அது கடும் வாந்தி, வயிற்றோட்டம் தரும். மஞ்சள் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக் காசு போடுவது, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பது எதுவும் சோதனையாகாது. எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் கொடிய நஞ்சு போகாது. கைபேசிச் செயலியையும் நான் நம்பமாட்டேன். மேலிருந்து எடுத்த படத்தில் அடியிலிருக்கும் பை தெரிவதில்லை. தேயிலைச் செடிக்கடியில் முளைத்ததென்றால் களைகொல்லியையும் யோசிக்க வேண்டும்.

மோசமானது அதன் தாமதம். சாப்பிட்டு ஆறு மணித்தியாலம் கழித்து, சிலருக்கு அதற்கும் பிந்தி, வாந்தி தொடங்கும். மறுநாள் குணமானது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஈரல் அழிகிறது. ‘இப்ப பரவாயில்ல’ என்று லயத்துக்குத் திரும்பிவிடக் கூடாது. மிஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990.

இந்த நாட்டில் பூஞ்சணத்தை ஆராயாமல் விடவில்லை. 1869இல் கோப்பியில் கண்ட துருநோய் ஒரு பூஞ்சணம். கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை வந்தது, நம் மக்களின் வாழ்வும் அதோடு கட்டுண்டது. பேராதனையில் பூஞ்சணங்களை ஆராய்ந்த தோமஸ் பெட்ச் பின்னர் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் பணிப்பாளரானார். 1946இல் கொப்புள நோய் வந்தபோது தேயிலையைக் காக்க அந்த நிறுவனம் இருந்தது. இலங்கைக் காளான்களைப் பற்றிய பெக்லரின் பெரிய நூல் 1986இல் இங்கிலாந்தில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. செடியைத் தின்னும் பூஞ்சணத்துக்குக் கிடைத்த அக்கறை, மனிதர் தின்னும் பூஞ்சணத்துக்குக் கிடைக்கவில்லை. தோட்டச் சிகிச்சை நிலையங்களில் டெங்குச் சுவரொட்டி கண்டிருக்கிறேன். காளானுக்கு ஒன்றும் கண்டதில்லை.

ஹனோவர் மருத்துவக் கல்லூரி 2015இல், வந்து சில மாதங்களேயான அகதிகளுக்காக அரபு, குர்தி உட்படப் பல மொழிகளில் எச்சரிக்கை அச்சிட்டது. இங்கே இரு நூற்றாண்டாக இருப்பவர்களுக்குப் படத்தோடு ஒரு தமிழ்த் தாள் போதும். அதற்கு அமைச்சரவைப் பத்திரம் எதுவும் தேவையில்லை. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையிலும் கொழுந்து நிறுக்கும் மடுவங்களிலும் ஒட்டலாம். தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கும்.