பாதி முட்டை யாருடைய குற்றம்?

காலை ஏழு மணிக்கு மருதானைச் சந்தியில கொஞ்ச நேரம் நின்டு பாருங்க. பஸ், ஸ்கூல் வேன், த்ரீவீலர் எல்லாத்திலயும் வெள்ளைச் சீருடை. கடை வாசல்ல ஒரு ரோல்ஸ், ஒரு பணிஸ், ஒரு பெக்கட் மிக்சர் வாங்கி பேக்குக்குள்ள திணிக்கிற பிள்ளைகள். விடியக்காலையில வேலைக்கு ஓடுற அம்மாக்களைக் குறை சொல்ல நான் இதை எழுதல்ல. பிள்ளைக்குப் பசிக்கும் என்ட கவலையிலதான் அவங்க அந்தக் காசைக் குடுத்து அனுப்புறாங்க.

சின்னப் பிள்ளைகளுக்காவது பாடசாலையில சாப்பாடு இருக்கு. தரம் 1 முதல் 5 வரையான அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லாருக்குமாக 2024ஆம் ஆண்டு இந்தத் திட்டம் விரிவாக்கப்பட்டது. நல்ல விஷயம். சோறு, பருப்பு, கீரை, நெத்தலி, முட்டை என்டு பட்டியலிலும் பெரிய குறையில்லை. பட்டியலில் இருக்கிறது தட்டுக்கு வருதா என்டதுதான் கேள்வி.

எங்கட லேனில ஒரு அக்கா கொஞ்ச காலம் இப்பிடி ஒரு பாடசாலைக்குச் சமைச்சுக் குடுத்தவ. முட்டை நாளில முட்டையைப் பாதியா வெட்டித்தான் வைப்பா. "பிள்ளைகளின்ட முட்டையில கை வைக்கலாமா?" என்டு நான் கோபமாக் கேட்டேன். அவ கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டினா. அதுக்குப் பிறகு எனக்குக் கதையே வரல்ல.

நீங்களும் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. 2024இல் ஒரு சாப்பாட்டுக்கு ஒதுக்கினது 110 ரூபா. முட்டையை நாற்பது ரூபா என்டு வச்சாலும் மிச்சம் எழுபது. அதுக்குள்ள பருப்பு, கீரை, தேங்காய், எண்ணெய், காஸ், கொண்டுபோற த்ரீவீலர் கூலி, கடைசியா அவட உழைப்பு. அந்த 110ம் சமைக்க முந்திக் கைக்கு வராது. முதலில் அவ தன்ட காசைப் போடணும், பிறகு பில் குடுத்து வாங்கணும். அது பிந்தினா கடைக்காரனுக்குக் கடன். 2023இல் முட்டை ஐம்பது ரூபாவையும் தாண்டி, இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யிற நிலை வந்தது ஞாபகம் இருக்குதானே? சந்தையில் விலை ஏறும்போது தட்டில் முதலில் குறையிறது முட்டையும் மீனும்தான். சோறு குறையாது. பிள்ளையின்ட வயிறு நிரம்பும், வளர்றதுக்குத் தேவையான புரதம் மட்டும் இல்லாமப் போகும்.

தமிழ்நாட்டைப் பாருங்க. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010இல் அது வாரத்துக்கு ஐந்து முட்டையானது. அங்கேயும் குறைகள் இருக்கு. ஆனா முட்டையை வாங்கிப் பள்ளிக்கு அனுப்புறது அரசாங்கம். சமைக்கிறவருக்குச் சம்பளம். முட்டை விலை ஏறினா அது அரசாங்கத்தின்ட தலையிடி, சமையல்காரரின்ட தலையிடி இல்லை.

எங்கட நாட்டிலயும் அந்த வழக்கம் இல்லாம இல்லை. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது, 1993இல் இலவசச் சீருடைத் துணி வந்தது. "புத்தகத்தை நீங்களே அச்சடிச்சுக் குடுங்க, காசைப் பிறகு தாறோம்" என்டு எந்த அரசாங்கமும் ஒரு அம்மாவிடம் சொன்னதில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் அப்பிடி?

அயலில் உள்ள அம்மாக்கள் சமைக்கிற முறையை நிப்பாட்டச் சொல்லல்ல. சூடான சாப்பாடும் வரும், ஒரு வீட்டுக்கு வருமானமும் வரும். ஆனா முட்டையையும் நெத்தலியையும் அரசாங்கமே வாங்கிக் குடுக்கட்டும். மிச்சத்துக்கான காசை மாதத் தொடக்கத்திலேயே முற்பணமாகக் குடுக்கட்டும். சந்தை விலையோட சேர்ந்து அந்தத் தொகையும் மாறட்டும்.

உங்கட தம்பி, தங்கச்சி படிக்கிற பாடசாலையிலும் அபிவிருத்திச் சங்கக் கூட்டம் நடக்கும். அம்மாவோட நீங்களும் போங்க. "பிள்ளைகளுக்கு முழு முட்டை குடுக்கிறீங்களா?" என்டு கேக்கிறதுக்கு முந்தி, "சமைக்கிற அக்காவுக்குப் போன மாதக் காசு குடுத்தாச்சா?" என்டு கேளுங்க.