காசில்லாச் சுரங்கமும் அமானிதமும்

செம்பரம்பாக்கம் தொடங்கி ஒரகடம் வரை ஆலைகளும் தொழிலாளர் விடுதிகளும் பெருகிவிட்ட இந்நாளில், நம் இளைஞர் பலரின் கைப்பேசியில் 'வி.பி.என்.' என்னும் இலவசச் செயலி குடியேறியிருக்கிறது. "இதனைப் போட்டுவிட்டால் எவரும் நம்மைப் பார்க்க இயலாது" என்கின்றனர். இது பாதி உண்மை. பாதி உண்மையோ முழுப் பொய்யினும் கேடு பயப்பது.

அச்செயலி செய்வது யாது? நாம் இணையத்தில் அனுப்புவன அனைத்தையும் பூட்டி, எங்கோ தொலைவிலுள்ள ஒரு சர்வருக்கு அனுப்புகிறது. அந்தச் சர்வரே நமக்காக வலைத்தளங்களின் கதவைத் தட்டுகிறது. எனவே விடுதியின் வைஃபையை நடத்துபவர் நாம் செல்லுமிடத்தை அறியார். ஆனால் சர்வரின் உடையவர் அறிவார். எந்தத் தளத்துக்கு, எந்நேரத்தில் சென்றோம் என்பதெல்லாம் அவர் கண்முன் கிடக்கும். பார்ப்பவர் ஒழிந்தாரல்லர், மாறினார், அவ்வளவே!

செம்பரம்பாக்கம் ஏரி நீரும் குழாய்வழியேதான் சென்னைக்குச் செல்கிறது. அதன் இரு முனையிலும் பொறுப்பாளர் உண்டு. குறை நேர்ந்தால் கேட்க இடமுண்டு. பெருநிறுவனங்கள் தம் கிளைகளைத் தலைமையகத்தோடு இணைக்கும் சுரங்கத்திலும் இரு முனையும் அவர்களுடையவையே. நம் இளைஞர் இறக்கிக்கொண்ட சுரங்கத்தின் மறுமுனை யாருடையது?

'ஒனாவோ புரொடெக்ட்' என்றோர் இலவச வி.பி.என். இருந்தது. 2013இல் ஃபேஸ்புக் நிறுவனம் அதனை வாங்கிற்று. காப்பதாகச் சொன்ன அச்செயலி, பயனர் எவ்வெச் செயலிகளை எவ்வளவு நேரம் கையாளுகின்றனர் என்ற விவரங்களைத் திரட்டி அந்நிறுவனத்தின் வணிகத்துக்கு ஊட்டிற்று. மக்களைத் தவறாக நம்பவைத்தமைக்காக, 2023இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அதன் இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பெயர்பெற்ற நிறுவனத்தின் கதையே இதுவாயின், பெயரும் முகவரியும் அறியாதோரை எவ்வாறு நம்புவது?

"மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என மூத்தோர் சிலர் வினவுகின்றனர். அதுவும் பிழையே. அனுமதியின்றிப் பிறர் இல்லம் புகுவதைத் திருமறையின் 24ஆம் அத்தியாயமும், துருவி ஆராய்வதை 49ஆம் அத்தியாயமும் விலக்கியுள்ளன. மறைவு மானத்தின் வேலி. அதனை நாடுதல் குற்றமன்று. ஆனால் அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கப் பணிக்கும் மார்க்கத்தினர், இல்லத்தின் இரகசியங்களை ஊர்பேர் தெரியாதவனிடம் ஒப்படைக்கலாமோ?

"கட்டணச் சேவைக்கு ஏழைத் தொழிலாளி எங்கே போவான்?" என்பர். போக வேண்டியதில்லை. வங்கித் தளங்களும் செயலிகளும் தாமே பூட்டப்பட்ட வழியில் இயங்குவன. பொது வைஃபையில் ஐயமிருப்பின் தன் சிம்மின் டேட்டாவைப் பயன்படுத்துக. வளைகுடாவிலிருப்போர்க்கு ஒரு சொல்: குற்றம் செய்யவோ அதனை மறைக்கவோ இச்சுரங்கத்தைக் கையாண்டால் சிறையும், 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டென்று அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அந்நாட்டுச் சட்டம் அறியாமல் இங்கிருந்து எவரும் அச்செயலியைப் பரிந்துரைக்க வேண்டா.

பெற்றோரே! பெண் கொடுக்குமுன் நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். கடன் கொடுக்குமுன் சாட்சி வைக்கிறோம். குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதும் செல்லும் வழிக்கு மட்டும் விசாரணை வேண்டாவா? இன்றே பிள்ளைகளின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, அச்செயலியின் உடையவர் யாரென வினவுங்கள். விடை கிடைக்கவில்லையெனில், அதனை நீக்கிவிடுங்கள்.