நாம என்ன ரஹ்மானா?

நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல வருஷா வருஷம் ‘மியூசிக்கல்’னு ஒரு ஐட்டம் வரும். கதை நம்மளோடது, பாட்டு சினிமாவோடது. பென் டிரைவில் டிராக் ஓடும், நாம வாயசைப்போம். மூணு வருஷம் நானும் அசைச்சிருக்கேன். சொந்தமா பாட்டு போடலாமேன்னு யாராவது கேட்டா ரெடியா ஒரு பதில்: “நாம என்ன ரஹ்மானா?”

ரஹ்மானையே எடுத்துக்குவோம். 2002-ல் லண்டனில் மேடையேறிய ‘பாம்பே ட்ரீம்ஸ்’ மியூசிக்கலுக்கு அவர் இசையமைத்தார். வரிகள் எழுதியவர் டான் பிளாக். தயாரித்தவர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். அந்த வெப்பரும் தனியா ஜெயிச்சவர் இல்லை. இவர் மெட்டு, டிம் ரைஸ் வரிகள் என்று ஜோடியாக உருவாக்கியதுதான் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ ராக் ஓபரா. 1969-ல் அதன் முதல் பாட்டு வந்தபோது வெப்பருக்கு வயசு 21. மேடையேற்றப் பணம் போட ஆள் கிடைக்காததால், 1970-ல் முதலில் ஆல்பமாகவே வெளியிட்டார்கள். அடுத்த வருஷம்தான் பிராட்வே மேடை.

“அது லண்டன்பா” என்பீர்கள். சரி, பக்கத்துல இருக்கிற கருவடிக்குப்பத்துக்கு வாங்க. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி அங்கேதான் இருக்கு. 1922 நவம்பர் 13-ல் அவர் இறந்தது நம்ம புதுச்சேரியில். காலாப்பட்டில் நம்ம பல்கலைக்கழகம் தொடங்கிய நாடகப் பள்ளிக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நாலு வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது போன மாசம்தான் தெரியும்.

வசனம், பாட்டு ரெண்டையும் அவரே எழுதினார். ஆனால் மேடையில் அது கூட்டு வேலை. ‘ஸ்பெஷல் நாடகம்’ கேள்விப்பட்டிருக்கீங்களா? வேறவேற ஊர் நடிகர்கள் அன்னிக்கு ராத்திரிதான் ஒண்ணு சேருவாங்க. ஒத்திகை கிடையாது. அவருடைய ‘வள்ளி திருமணம்’ எல்லாருக்கும் மனப்பாடம், அதனால் நாடகம் நடந்துடும். முருகனும் வள்ளியும் தர்க்கத்தில் சொந்தச் சரக்கைச் சேர்ப்பாங்க. ஆர்மோனியக்காரர் அதைப் பிடிச்சுக்கிட்டே கூட வருவார். நம்ம பாஷையில் சொன்னா, அவர் எழுதினது ஓப்பன் சோர்ஸ் கோடு. நூறு வருஷம் கழிச்சும் கிராமத் திருவிழாக்களில் ஓடிக்கிட்டு இருக்கு.

அதனால், நமக்குத் திறமை இல்லைன்னு நான் நம்ப மாட்டேன். இல்லாதது ஜோடிதான். கவிதை எழுதுறவ மெக்கானிக்கல்ல இருப்பா, மெட்டு போடுறவன் ஈசிஇ-ல இருப்பான். ரெண்டு பேரும் கேண்டீன்ல ஒரே வரிசையில் நின்னுட்டு, பேசாமலே போயிடுவாங்க.

இந்த வருஷம் ஒரே ஒரு விதி போதும்: மியூசிக்கல்னு பேர் கொடுத்தா, மூணு பாட்டாவது சொந்தமா இருக்கணும். ப்ராஜெக்ட், பிளேஸ்மென்ட் நடுவுல இதுக்கு நேரம் ஏதுன்னு கேட்பீங்க. வாயசைக்கிற ரிகர்சலுக்கே மூணு வாரம் போகுதே! பாட்டு சுமாரா வரலாம். வரட்டும், நம்மளோட சுமாரா இருக்கட்டும்.

ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல ஒருத்தன் தினமும் ராத்திரி கீபோர்டு வாசிக்கிறான். இதுவரைக்கும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் அவன் கதவைத் தட்டியிருக்கேன். இன்னிக்கு ராத்திரி, எழுதி வச்ச நாலு வரியோட போய்த் தட்டப்போறேன்.