கைப்பிடி மல்லாட்டை

"மல்லாட்டை தின்று எந்தப் பிள்ளை செத்தது?" என்று என்னைக் கேட்காத பெரியவர்கள் வடக்கனந்தலில் குறைவு. கொல்லையில் விளைவது ஒரு பிள்ளைக்கு விஷமாகும் என்றால் யார்தான் நம்புவார்கள்? தொண்டை வீங்கி, மூச்சு முட்டி என் மகன் துவண்டதைக் கண்டவன் நான், நம்புகிறேன்.

இப்போது அவர்களுக்குப் புதிய ஆயுதம் கிடைத்திருக்கிறது: சிகிச்சையே மல்லாட்டை கொடுப்பதுதானாமே!

ஆம், ஐயா. 2020-இல் அமெரிக்க அரசு அனுமதித்த மல்லாட்டைப் பொடி மருந்தின் கணக்கைக் கேளுங்கள். அரை மில்லிகிராம் புரதத்தில் தொடங்கி, பல மாதம் கழித்து 300 மில்லிகிராம். ஏறக்குறைய ஒரே ஒரு பருப்பு! ஒவ்வொரு படி ஏற்றும்போதும் மருத்துவர் எதிரே இருக்க வேண்டும். அட்ரினலின் ஊசி எப்போதும் கைவசம் வேண்டும். காய்ச்சல் கண்டால் அவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கொடுத்த கையோடு பிள்ளையை ஓடியாட விடக் கூடாது. இத்தனைக்கும் நோய் தீர்வதில்லை. தெரியாமல் ஒரு துணுக்கு வாயில் பட்டால் ஆபத்து குறையும், அவ்வளவே.

அளவறிந்து கொடுப்பது வைத்தியம். பெற்றவள் தடுத்தும் அள்ளித் திணிப்பது அன்பல்ல, அகம்பாவம். கேட்டுவிட்டுக் கொடுங்கள், உங்கள் உபசாரத்துக்கு அதனால் ஒரு குறைவும் வந்துவிடாது.