மலையடிவார வீட்டின் பாலிசி

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகர் வீடுகள் மீது மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். உயிருக்கு எந்தப் பாலிசியும் ஈடாகாது. இங்கே சொல்ல வருவது வீட்டைப் பற்றி மட்டும். அந்தப் புயலில் சேதமான குடிசைக்கு அரசு அறிவித்த நிவாரணம் 10,000 ரூபாய். அதைக் கேலி பேச வேண்டியதில்லை. நிவாரணம் அந்த வாரத்து அடுப்பு எரியத் தருவது, சுவர் எழுப்பத் தருவதல்ல. அதே மலையின் மறுபக்கம் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில், கடன் வாங்கி மாடி கட்டியவர்கள் சுவருக்கான பணத்தைக் காப்பீட்டிலிருந்துதான் எதிர்பார்க்க முடியும். அந்தப் பணம் வருமா என்பதோ மழைக்குப் பிறகு நிரப்பும் கிளைம் படிவத்தில் முடிவாவதில்லை. பாலிசி எடுத்த அன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று வகுத்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’வை எடுத்துக்கொள்வோம். தீ, புயல், வெள்ளத்தோடு நிலச்சரிவும் பாறைச்சரிவும் அதில் அடங்கும். வீட்டுச் சாமான்களுக்குத் தனிப் பட்டியல் கொடுக்காமலேயே, கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, உச்சமாக 10 லட்சம் ரூபாய்க்குக் காப்பு உண்டு. ஆனால் காப்பீட்டுத் தொகை என்பது திரும்பக் கட்டும் செலவு மட்டுமே. கிரிவலப் பாதையில் ஏறிக்கிடக்கும் மனை விலைக்கு அதில் இடமில்லை. இடிபாடு அகற்றக் கிடைப்பதும் கிளைம் தொகையில் 2 சதவீதம் வரைதான். முற்றத்தில் வந்து உட்கார்ந்த பாறையை உடைத்து அள்ள அது எந்த மூலைக்கு? கிராவல் கொட்டி நிரப்பிய மனையில் மண் இறங்கினாலோ, புது வீடு அமர்வதால் விரிசல் விட்டாலோ காப்பு இல்லை. சரிவான மனைகளில், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்கப்போவது, இந்த விரிசல் மழைக்கு முன்பே இருந்ததா என்பதைத்தான். ஐப்பசிக்கு முன் நான்கு சுவரையும் தளத்தையும் செல்போனில் படமெடுத்து வைத்தவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

இதைவிடப் பெரிய கண்ணி, வீட்டின் உபயோகம். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மாடி அறைகளை வாடகைக்கு விடாத வீடு இந்தப் பாதையில் எத்தனை? இந்தப் பாலிசியோ குடியிருப்புக்கானது. கீழே குடியிருந்துகொண்டு மேலே லாட்ஜ் போல நடத்துகிறவர், ‘குடியிருப்பு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்து மிச்சம் பிடிக்கும் பிரீமியம் சில நூறு ரூபாயாக இருக்கலாம். சேதம் வரும் நாளில், உபயோகத்தை மறைத்தார் என்ற ஒரே வரியில் கிளைமே நின்றுபோகும். வங்கிக் கடனோடு வந்த பாலிசியைப் பிரித்தே பார்க்காதவர்களும் ஏராளம். கடன் முடிந்ததும் பாலிசியும் முடிந்திருக்கலாம். அது தெரியாமலே நிம்மதியாக இருப்பார்கள்.

‘கம்பெனிக்காரன் எப்படியும் தட்டிக்கழிப்பான், எதற்குத் தண்டம் கட்ட வேண்டும்’ என்பது நியாயமான கசப்பு. சட்டம் முன்னைவிட நுகர்வோர் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆணையத்தின் 2024 விதிகளின்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாளில் அறிக்கை, அதன்பின் 7 நாளில் முடிவு. ஒரு காகிதம் குறைகிறது என்பதற்காக மட்டும் கிளைமை நிராகரிக்கக் கூடாது. மறுத்தால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கைக் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம், வக்கீலும் தேவையில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தது ஒன்று, வீட்டில் நடந்தது வேறு என்றால் ஆம்புட்ஸ்மேனும் கைகொடுக்க மாட்டார். ஆகவே இந்தக் கசப்பு, பாலிசியை உண்மை எழுதி வாங்கச் சொல்லும் காரணமே தவிர, வாங்காமல் இருக்கச் சொல்லும் காரணமல்ல. உடைந்த கதவையும் நனைந்த மெத்தையையும் சர்வேயர் பார்க்கும்வரை குப்பைக்கு அனுப்பாமல், கூரைக்குத் தார்ப்பாய் போட்ட ரசீதை எடுத்து வைப்பது இதற்கெல்லாம் பிறகு வரும் வேலை.

ஓலைக் குடிசைக்கும் பட்டா இல்லாத மனைக்கும் இந்த வாதம் போய்ச் சேராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே வாழ்பவர்களிடம் ‘பாலிசி எடுங்கள்’ என்பது கல்நெஞ்சம். அவர்களுக்காக அரசே எடுக்கலாம். நாகாலாந்து அரசு, மழையளவு வரம்பு தாண்டினால் பணம் வரும் பேரிடர்க் காப்பீட்டை மாநிலத்தின் பெயரிலேயே எடுத்திருக்கிறது. வ.உ.சி. நகரைப் பார்த்த பிறகாவது தமிழக அரசு அண்ணாமலையின் அடிவாரக் குடிசைகளுக்கு அப்படியொன்றைப் பரிசீலிக்க வேண்டாமா?