டாங்கியோடு உரிமையும் வர வேண்டும்

தகடூர் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், நெய் பூசி மாலை சூட்டிக் காவலில் வைத்திருந்த அவனுடைய ஆயுதங்களைக் கண்டு, தம் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று சொன்னதைப் புறநானூறு நமக்குத் தருகிறது. அதியமானின் வீரத்துக்குச் சான்றாகவே இதைப் படித்து வந்திருக்கிறோம். ஆயினும், போரில் சிதைந்த ஆயுதத்தைத் திருத்தி மீண்டும் களத்துக்கு அனுப்ப வல்ல கொல்லன் தகடூரிலேயே இருந்தான் என்ற செய்தியும் அதில் அடங்கியிருக்கிறது. பழைய தகடூராகிய தருமபுரியில் இருந்துகொண்டு நம் ராணுவத்தின் டாங்கிகளைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு அந்தக் கொல்லனின் நினைவு வராமல் போகாது.

பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, 1965 முடிவில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கி, அந்நிய வரைபடத்தில் பிறந்ததுதான். ஆனால் அதன் அடிச்சட்டத்தை நீட்டி, அதன்மேல் ரஷ்ய 130 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றி, ‘காடபல்ட்’ என்னும் நடமாடும் பீரங்கியை ஆக்கியவர்கள் நம்மவர்கள். வாய்க்கால்களைக் கடக்கப் பாலம் விரிக்கும் ‘கார்த்திக்’ வாகனமும் அதே விஜயந்தாவிலிருந்து உருவாயிற்று. சோவியத் டி-55 டாங்கியின் 100 மில்லிமீட்டர் பீரங்கியை அகற்றி 105 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்தியதால், விஜயந்தாவின் குண்டுகளே அதற்கும் உதவின. அவ்வாறே, பிரிட்டிஷ் செஞ்சூரியன் டாங்கியின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்து அமெரிக்க டீசல் எஞ்சினை வைத்துக்கொண்ட இஸ்ரேல், 1973 யுத்தத்தில் கோலன் மேட்டைக் காத்தது அந்த டாங்கிகளைக் கொண்டுதான்.

இத்தகைய சாமர்த்தியம் உள்ள நம் தேசம், 2001இல் ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தபோது என்ன நேர்ந்தது? இருளிலும் எதிரியைக் காட்ட வேண்டிய வெப்பப்பார்வைக் கருவிகள் ராஜஸ்தான் பாலைவனத்தின் வெயிலில் செயலிழந்தன. குளிர்ப் பிரதேசத்துக்கென நிர்மாணித்த டாங்கியின் உள்ளே, நம் வீரர்கள் மட்டுமல்லாமல் நுண்கருவிகளும் வெந்தன. பீரங்கிக் குழாய், கவசம் ஆகியவற்றின் தொழில்நுட்பம் கைக்கு வருவதில் உண்டான தாமதமோ ஆவடியின் உற்பத்தியையே பின்னுக்கு இழுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மிடம் உள்ள, ஆவடியிலேயே கட்டிய டி-72 டாங்கியின் 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1000 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்துவதற்கு, 2025 மார்ச்சில் 24.8 கோடி டாலருக்கு மறுபடியும் ரஷ்யாவோடுதான் ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. தொழில்நுட்பத்தை ஆவடிக்கு மாற்றித் தரும் ஷரத்து அதில் இருப்பது ஆறுதலே. முதல் டாங்கி வந்த அன்றே இருந்திருக்க வேண்டிய ஷரத்து அது.

சொந்தமாகவே டாங்கி செய்தால் இத்தொல்லை இல்லையே என்பார்க்கு, 1974இல் அனுமதி பெற்ற அர்ஜுன் படையில் சேர முப்பது ஆண்டுகள் ஆனதையும், அதன் எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வந்ததையும் மறுதரப்பார் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இறக்குமதியே கூடாது என்று நாமும் வாதிக்கவில்லை. ஆனால் அர்ஜுனுக்காக ஆவடி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு தலைமுறை பொறியாளர்கள் பெற்ற அனுபவத்தை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. வரைபடமும், உலோகக் கலவையின் விவரமும், விற்றவரைக் கேளாமலே மாற்றிக்கொள்ளும் உரிமையும் எழுத்தில் இல்லாத எந்த டாங்கி ஒப்பந்தத்திலும், விலை எவ்வளவு மலிவாயினும், மத்திய சர்க்கார் கையெழுத்திடலாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

அவ்வுரிமை கிடைத்தபின் வேலை செய்யக் கைகள் வேண்டும். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு ஓசூரும் சேலமும் மையங்களாக இருக்க, இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலையிலேயே அமைந்த தருமபுரி அந்த வரிசையில் இல்லை. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை ஓசூரே தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது என்பதைச் சென்னையில் உள்ளவர்கள் மறந்திருக்கலாம். ஐ.டி.ஐ. முடித்த நம் இளைஞர்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். டாங்கியின் உதிரிபாகங்களைச் செய்து பார்க்கவும் சோதித்து அங்கீகாரம் பெறவும் சிறு லேத் பட்டறைக்காரர்களுக்கு உதவும் பொதுச் சோதனைக்கூடம் ஒன்றை, ஆவடியின் நேர்ப்பார்வையில், இம்மாவட்டத்தில் நிறுவ மாநில அரசு தாமதமின்றி முன்வர வேண்டும். அதற்கு முதற்படியாக, வழித்தடத்தின் மையங்களில் தருமபுரியையும் சேர்க்குமாறு மத்திய சர்க்காரைக் கோர வேண்டும்.