ஊசியா, மூக்கு வழி மருந்தா?

பாலர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். “எங்களுக்கு ஓர் ஊசி போதும், இந்தச் சின்ன உடம்புக்கு எதற்கு டாக்டர் இரண்டு?” என்பது ஒன்று. “இங்கிலாந்தில் மூக்கில் தெளித்துவிடுகிறார்களாமே, அதுதான் நல்லதா?” என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கான விடை எளிது. நம் உடல் இந்தக் கிருமியைப் பலமுறை சந்தித்திருக்கிறது. ஊசி நமக்கு வெறும் நினைவூட்டல். குழந்தைக்கோ அது முதல் அறிமுகம். முதல் ஊசி எதிரியைக் காட்டுகிறது. இரண்டாவது ஊசி அந்தப் பாடத்தை உறுதியாக்குகிறது. அதனால்தான் 6 மாதம் முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகள், முதன்முறை போடும்போது குறைந்தது 4 வார இடைவெளியில் இருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து ஒன்று போதும்.

இரண்டாவது கேள்வி சற்று சுவாரசியமானது.

நாம் வழக்கமாகப் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. செயலிழந்த கிருமியின் பகுதிகளே உள்ளன. ஊசியால் சளிக்காய்ச்சல் வராது. தசையில் செலுத்தப்படும் அந்த மருந்து, ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குகிறது. நோய் கடுமையாவதைத் தடுப்பதில் அவற்றின் பங்கு பெரிது.

மூக்கு வழி மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹுனைன் மாசாப் என்ற ஆய்வாளர், 25 டிகிரி குளிரில் வளரும்படி கிருமியைப் பழக்கினார். அது குளிர்ச்சியான மூக்கில் வளரும். வெதுவெதுப்பான நுரையீரலில் திணறும். நோய் நுழையும் வாசலிலேயே காவல் நிற்கும் புரதங்களை அது உருவாக்குகிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் அதிகம் கூடாத பிள்ளைக்கும் பாதுகாப்பு கிடைக்கலாம். பெரியவர்களிடம் ஏற்கெனவே உள்ள எதிர்ப்புச் சக்தி, அந்தக் கிருமி வளரும் முன்பே அதை அடக்கிவிடக்கூடும். பிள்ளைகளுக்கு அது கூடுதலாகப் பலன் தருவதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் மூக்கு வழி மருந்துதான் மேலா? 2007ல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே, ஊசி போட்டவர்களைவிட மூக்கு வழி மருந்து பெற்றவர்களுக்குச் சளிக்காய்ச்சல் ஏறக்குறைய 55 விழுக்காடு குறைவாக வந்தது. ஆனால், மிகச் சிறிய குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு கூடியது. அதனால் 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது தரப்படுவதில்லை. நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைகளுக்கும் ஏற்றதல்ல.

கதை அத்துடன் முடியவில்லை. 2016ல் அமெரிக்கா, எச்1என்1 கிருமிக்கு எதிராக மூக்கு வழி மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று கூறி, அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. மருந்திலுள்ள கிருமி வகை மாற்றப்பட்ட பிறகு, 2018-19 பருவத்தில் மீண்டும் அனுமதித்தது. 2013லிருந்து பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துவரும் இங்கிலாந்து நிறுத்தவே இல்லை. நிரந்தர வெற்றியாளர் என்று இதில் எவரும் இல்லை.

சிங்கப்பூரில் தேசிய சிறுவர் தடுப்பூசித் திட்டத்தின்கீழ், 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. சிங்கப்பூரர்களான பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் மருந்தகங்களிலும் முழு மானியம் உண்டு. இங்கு இந்தக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் பரவுகிறது. ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் தலைதூக்கும். பிள்ளை வாங்கி வரும் கிருமி, வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்குத்தான் பெரும் ஆபத்து.

எந்த மருந்து உயர்ந்தது என்று யோசித்துக்கொண்டே காலம் கடத்தாதீர்கள். பிள்ளையின் சுகாதாரக் கையேட்டைத் திறந்து பாருங்கள். இரண்டாவது ஊசிக்கான இடம் காலியாக இருந்தால், இந்த வாரமே மருந்தகத்தில் நேரம் குறித்துவிடுங்கள்.